அயர்லாந்தின் பாதுகாப்புச் செலவு: எந்த வழி கட்டுப்படியாகும்?

கார்க் நகரில் ரயிலேறினால் அரை மணி நேரத்துக்குள் கோவ் வந்துவிடும். கடலோரப் பூங்காவில் உட்கார்ந்தால் தண்ணீருக்கு அந்தப்பக்கம் தெரிவது ஹால்போலைன் தீவு. அயர்லாந்துக் கடற்படையின் ஒரே தளம் அதுதான். இங்கே வேலைக்கு வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போவது வழக்கம். அவன் கப்பல்களை எண்ணுவான். சாம்பல் நிறக் கப்பல்களில் சில மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கட்டிக் கிடப்பதை அவன்தான் முதலில் கவனித்தான். "அது ஏன்ப்பா போகவே மாட்டேங்குது?" என்று கேட்டான். விசாரித்தபோது கிடைத்த பதில் எனக்கே புதிது. கப்பல் நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த நாட்டின் பாதுகாப்பு விவாதத்தைத் தொடர்ந்து படிக்க ஆரம்பித்தேன். 54 லட்சம் பேர் வாழும் பணக்கார நாடு. நிலப்பரப்பு ஏறக்குறைய 70,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். காவல் காக்க வேண்டிய கடல் 4 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் கடலடி கேபிள்களில் பெரும்பகுதி இந்தக் கடல் வழியாகவோ இதை ஒட்டியோ போகிறது. இத்தனைக்கும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ராணுவத்துக்கு ஒதுக்குவது கால் சதவீதம்கூட இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இதுதான் கடைசி இடம்.

இந்தச் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. பன்னாட்டு நிறுவனங்களின் கணக்கெல்லாம் இங்கே பதிவாவதால் உள்நாட்டு உற்பத்தி ஊதிப் பெருத்துத் தெரியும். அதைக் கழித்துவிட்டுத் திருத்திய தேசிய வருமானம் என்று தனியாக ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். அது கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிடும். அதை வைத்துப் பார்த்தாலும் செலவு அரை சதவீதத்தைத் தொடவில்லை.

2020 டிசம்பரில் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைவதற்கு இரண்டு வாரம் முன்பு, 2022 பிப்ரவரியில், அதன் அறிக்கை வந்தது. அறிக்கை மூன்று வழிகளை வைத்தது. ஒன்று, இருக்கிறபடியே இருப்பது. அன்றைய செலவு ஆண்டுக்குச் சுமார் 110 கோடி யூரோ. இரண்டு, செலவை 150 கோடியாக்கி, ராடார் வாங்கி, ஆள்பலத்தை 11,500-க்கு உயர்த்துவது. மூன்று, 300 கோடிக்குப் போய், போர் விமானங்கள் உட்பட இதே அளவுள்ள மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கு நிகராவது. 2022 ஜூலையில் அரசு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து 2028-ஐக் கெடுவாக வைத்தது. அறிக்கையில் இல்லாத நான்காவது வழி ஒன்றும் பேச்சில் அடிபடுகிறது: நேட்டோவில் சேர்ந்துவிடுவது. இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே ஓடுகிறது ஐந்தாவது கேள்வி. வெளியே நின்றபடியே யாரோடு, எவ்வளவு தூரம் கைகோர்ப்பது?

இருக்கிறபடியே இருந்தால்

முதல் வழியைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கோவ் பூங்காவிலிருந்து தெரியும் இன்னொரு தீவு ஸ்பைக். நாடு 1922-இல் தனியாட்சி பெற்ற பிறகும் இந்தத் துறைமுகக் கோட்டைகளைப் பிரிட்டன் தன் கையில் வைத்திருந்தது. 1938-இல்தான் திருப்பிக் கொடுத்தது. அந்தத் துறைமுகங்கள் கைக்கு வந்ததால்தான் அடுத்த ஆண்டு மூண்ட உலகப் போரில் அயர்லாந்தால் ஒதுங்கி நிற்க முடிந்தது. நடுநிலை என்ற சொல்லை இங்கே வயதானவர்கள் உச்சரிக்கும்போது அதில் "எங்கள் முடிவை நாங்கள் எடுத்தோம்" என்ற பெருமை இருக்கும். காலனி ஆட்சியில் இருந்த நாட்டிலிருந்து வந்த எனக்கு அது புரியாமல் இல்லை.

அதோடு, இந்தச் சின்ன ராணுவம் சும்மா இருந்ததும் இல்லை. 1955-இல் ஐ.நா.வில் சேர்ந்த நாடு, 1958 முதல் இன்றுவரை இடைவெளியே இல்லாமல் ஐ.நா. அமைதிப் பணியில் ஆட்களை வைத்திருக்கிறது. 1960 நவம்பரில் காங்கோவின் நியெம்பாவில் ஒரே தாக்குதலில் ஒன்பது வீரர்கள் மாண்டார்கள். தெற்கு லெபனானுக்கு 1978 முதல், இடையில் சில ஆண்டுகள் தவிர, போயிருக்கிறார்கள். அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்திருக்கிறார்கள். 2015 முதல் சில ஆண்டுகள் மத்தியதரைக் கடலுக்குப் போன இந்தக் கடற்படை, மூழ்கும் படகுகளிலிருந்து 18,000 அகதிகளைக் கரையேற்றியது. செலவைச் சதவீதத்தில் அளக்கும் பட்டியலில் இதெல்லாம் வருவதில்லை.

இந்தியர்களாகிய நமக்கும் இந்தக் கடற்படையிடம் ஒரு கடன் உண்டு. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் குண்டு வெடித்து விழுந்தது அயர்லாந்தின் தென்மேற்குக் கடலில்தான். 329 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தேடுதலுக்குப் போன கப்பல்களில் அயர்லாந்துக் கடற்படையின் ஆஷ்லிங்கும் ஒன்று. கொந்தளிக்கும் அட்லாண்டிக்கில் சின்ன ரப்பர் படகை இறக்கி அதன் மாலுமிகள் உடல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்தார்கள். அஹகிஸ்டா என்ற கிராமத்தில் கடலைப் பார்த்தபடி ஒரு நினைவிடம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அங்கே கூடுகிறார்கள். ஒருமுறை போயிருந்தேன். பெயர்களைப் படித்து முடிக்க என்னால் முடியவில்லை.

அப்படியானால் முதல் வழியில் என்ன குறை? அது இரவல் பாதுகாப்பு என்பதுதான். அயர்லாந்திடம் ராணுவ முதன்மை ராடார் கிடையாது. பயணிகள் விமானப் போக்குவரத்துக்கான ஏற்பாடு, விமானம் தானாகச் சொல்லும் அடையாளத்தை நம்பியிருக்கிறது. அந்தக் கருவியை ஒருவன் அணைத்துவிட்டு வந்தால் ராணுவத்துக்கு வானம் வெறுமையாகத் தெரியும். கடைசி ஜெட் விமானங்களை 1999-இல் ஓய்வுக்கு அனுப்பினார்கள். இப்போது ஆயுதம் பொருத்தக்கூடியதாக இருப்பது பிலாட்டஸ் என்ற பயிற்சி விமானம், மணிக்கு 600 கிலோமீட்டரைத் தொடாத, முன்விசிறியால் (புரொப்பெல்லர்) பறக்கும் விமானம். சாதாரணப் பயணிகள் விமானமே 850-இல் போகும். துரத்தினாலும் பிடிக்க முடியாது. வானத்தில் ஆபத்து வந்தால் பிரிட்டிஷ் விமானப்படைதான் வரும் என்று பல ஆண்டுகளாகச் செய்திகள் வருகின்றன. அரசு அதை ஒப்புக்கொள்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை. நூற்றாண்டு முயன்று வெளியேற்றிய நாட்டின் விமானப்படையை நம்பி இருந்துகொண்டு அதைச் சுதந்திரமான நடுநிலை என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது.

2022 ஜனவரியில் நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. கார்க் கரையிலிருந்து 240 கிலோமீட்டர் தள்ளி, அயர்லாந்தின் பொருளாதார மண்டலத்துக்குள், ரஷ்யக் கடற்படை ஒத்திகை நடத்தப்போவதாக அறிவித்தது. அரசு ஆட்சேபம் தெரிவித்தது. தெற்கு, மேற்குக் கரை மீனவர் அமைப்போ, எங்கள் வலை அங்கேதான் விழும், நாங்கள் போகத்தான் போகிறோம் என்று ரஷ்யத் தூதரிடமே நேரில் போய்ச் சொன்னது. கடைசியில் ரஷ்யா ஒத்திகையை மண்டலத்துக்கு வெளியே மாற்றிக்கொண்டது. மீனவர்களின் துணிச்சலை எல்லோரும் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஒரு நாடு தன் கடலில் செய்ய வேண்டிய வேலையை நண்டும் இறாலும் பிடிக்கிறவர்கள் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. 2024 நவம்பரில் யந்தார் என்ற ரஷ்ய உளவுக் கப்பல் கேபிள்கள் இருக்கும் பகுதியில் சுற்றியபோது அதைப் பின்தொடர்ந்து வெளியே அனுப்ப ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற கப்பல் போனது. அதில் கடலுக்கடியில் பார்க்கும் சோனார் இல்லை. மேலே மிதப்பதைப் பார்க்கலாம், கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது.

இரண்டாவது வழி: கண்ணும் ஆளும்

அரசு தேர்ந்தெடுத்த வழியின் பலம் அதன் அளவு. போர் தொடுக்க வந்தவனை முறியடிக்கும் சக்தி இதில் கிடைக்காது. யார் வருகிறார், எங்கே நிற்கிறார் என்று தெரியும், போய்க் கேட்க முடியும். 2025-இல் 135 கோடியாக இருந்த ஒதுக்கீடு 2026-க்குச் சுமார் 150 கோடி யூரோவாகியிருக்கிறது. கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சோனாருக்கு பிரெஞ்சு நிறுவனமான தாலஸுடன் 2025-இல் ஒப்பந்தம் போட்டார்கள். ராடாரை 2028-க்குள் நிறுவ வேண்டும் என்கிறார்கள். கடல் ரோந்துக்கு இரண்டு புதிய ஏர்பஸ் விமானங்கள் 2023-இலேயே வந்துவிட்டன.

இந்த அளவு படை என்ன செய்யும் என்பதை 2023 செப்டம்பரில் பார்த்தோம். எம்.வி. மேத்யூ என்ற சரக்குக் கப்பல் தென் அமெரிக்காவிலிருந்து கொக்கெய்ன் ஏற்றிக்கொண்டு வந்தது. நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை. வில்லியம் பட்லர் யேட்ஸ் என்ற கடற்படைக் கப்பல் துரத்திப்போய் எச்சரிக்கைக் குண்டுகளைச் சுட்டது. ஆடிக்கொண்டிருக்கும் அந்தக் கப்பலின் மேல்தளத்தில் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றைப் பிடித்துச் சிறப்புப் படையினர் இறங்கினார்கள். உள்ளே இருந்தது 2.2 டன். மதிப்பு 15 கோடி யூரோவுக்கும் மேல், அயர்லாந்து வரலாற்றிலேயே மிகப் பெரிய பிடிப்பு. பிடிபட்ட எட்டுப் பேருக்கும் 2025-இல் தண்டனை கிடைத்தது. ஒரு கப்பல், ஒரு ஹெலிகாப்டர், நன்றாகப் பழகிய சில டஜன் ஆட்கள். அன்றைக்கு அந்தக் கப்பலும் ஆளில்லாமல் கட்டிக் கிடந்திருந்தால்?

இங்கேதான் இந்த வழியின் ஓட்டையும் இருக்கிறது. காசு ஒதுக்குவது சுலபம், ஆள் சேர்ப்பது கஷ்டம். படையில் 9,500 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 7,500 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். கடற்படையில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் 1,094. மூன்றில் ஒரு பங்கு காலி. 2022-இல் மூன்று பழைய கப்பல்களை ஒரேயடியாக விலக்கினார்கள். 2023-இல் இன்னும் இரண்டை ஆளில்லை என்றே ஓரம்கட்டினார்கள். என் மகன் எண்ணியது அவற்றைத்தான். அந்த ஆண்டே நியூசிலாந்திலிருந்து இரண்டு சின்ன ரோந்துக் கப்பல்கள் வந்து இறங்கின. அவையும் பணியில் சேர 2024 செப்டம்பர் ஆகிவிட்டது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழும் கதை.

ஏன் ஆள் நிற்கவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். கப்பலில் மின்சாரமும் எந்திரமும் தெரிந்த ஒரு தொழில்நுட்ப மாலுமிக்கு கார்க் சுற்றுவட்டார மருந்து ஆலைகளும் கணினி நிறுவனங்களும் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. அங்கே சம்பளம் அதிகம், இரவு வீட்டுக்கு வரலாம். இங்கே வாரக்கணக்கில் கடல். வீட்டு வாடகையோ விழி பிதுங்க வைக்கிறது. இருபத்தைந்து வயதில் கல்யாணம் செய்து ஒரு வீடு எடுக்க நினைக்கும் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

மூன்றாவது வழி: போர் விமானம்

300 கோடி வழியின் அடையாளம் போர் விமானப் படை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு விமானத்தை 24 மணி நேரமும் தயாராக நிறுத்த எத்தனை விமானிகள், எத்தனை மெக்கானிக்குகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கப்பலுக்கே ஆளில்லாத இடத்தில் அவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

மற்ற நடுநிலை நாடுகளைப் பார்க்கலாம். ஆஸ்திரியா 1955 முதல் நடுநிலை, 15 யூரோஃபைட்டர் வைத்திருக்கிறது. அங்கே ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உண்டு. அயர்லாந்தில் அது எப்போதும் இருந்ததில்லை, யாரும் கொண்டுவரப் போவதும் இல்லை. சுவிட்சர்லாந்தில் 2020-இல் போர் விமானம் வாங்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுத்தார்கள். 50.1 சதவீதம் ஆதரவில் தப்பிப் பிழைத்தது. அமெரிக்காவின் எஃப்-35 விமானங்களை நிலையான விலைக்கு வாங்குவதாக நம்பியிருந்தார்கள். 2025-இல் விலை கூடும் என்று அமெரிக்கா சொன்னதும் பெரிய சங்கடமாகிவிட்டது. அனுபவமும் ஆள்பலமும் உள்ள சுவிஸுக்கே இந்தக் கதி. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். ராடார் வந்து, அதை இயக்க ஆள் பழகி, வானத்தில் உண்மையில் எத்தனை ஊடுருவல் நடக்கிறது என்று தெரிந்த பிறகு இந்தக் கேள்வியை மறுபடி எடுக்கலாம். அதற்கு முன்னால் விமானம் வாங்குவது குருடன் கையில் வில்லைக் கொடுப்பது மாதிரி.

நேட்டோ

இதை நீளமாகப் பேசத் தேவையில்லை. பின்லாந்து 2023-இலும் சுவீடன் 2024-இலும் சேர்ந்தன. பின்லாந்துக்கு ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் நில எல்லை. அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அயர்லாந்துக்கு 1949-இலேயே அழைப்பு வந்தது. வடக்கு அயர்லாந்தைப் பிரிட்டன் வைத்திருக்கும்வரை அதோடு ஒரே கூட்டணியில் உட்கார மாட்டோம் என்று மறுத்தார்கள். அதாவது தொடக்கத்தில் காரணம் கொள்கை மட்டும் இல்லை, பிரிவினையும்தான். அன்றைக்கு ராணுவமே இல்லாத ஐஸ்லாந்து நேட்டோவில் சேர்ந்தது. இன்றும் கூட்டணி நாடுகள் முறை வைத்து விமானங்களை அனுப்பி அதன் வானத்தைக் காக்கின்றன. அந்த மாதிரிச் சலுகை இனிமேல் புதிதாக வருபவருக்குக் கிடைக்காது. 2025 ஜூனில் ஹேக் மாநாட்டில் 2035-க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் என்று இலக்கு வைத்துவிட்டார்கள், அதில் 3.5 நேரடி ராணுவச் செலவு. அயர்லாந்தின் திருத்திய வருமானக் கணக்கில் பார்த்தாலே அது ஆண்டுக்கு 1,000 கோடி யூரோவைத் தாண்டும். மக்களில் பெரும்பான்மையினர் நடுநிலையை விட விரும்பவில்லை என்று கருத்துக் கணிப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 2025 அக்டோபரில் நடுநிலையை வலுவாகப் பேசும் கேத்ரின் கானலியை அதிபராக்கியிருக்கிறார்கள். மக்கள் வேண்டாம் என்பதை அரசு திணிக்கக் கூடாது. இந்த வழி அடைபட்ட வழி. அடைபட்டே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்தும்.

வெளியே நின்று கைகோர்ப்பது

உண்மையான முடிவு இங்கேதான் இருக்கிறது. அயர்லாந்து இப்போதே தனித்தீவு இல்லை. 1999 முதல் நேட்டோவின் சமாதானக் கூட்டாளித் திட்டத்தில் இருக்கிறது. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிரந்தர ராணுவ ஒத்துழைப்பில் சேர்ந்தது. 2015-இல் பிரிட்டனோடு பாதுகாப்புப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. ஷானன் விமான நிலையம் வழியாக அமெரிக்க வீரர்கள் லட்சக்கணக்கில் போய் வந்திருக்கிறார்கள். அதை எதிர்த்து இன்னும் போராட்டம் நடக்கிறது, அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு.

சர்ச்சை இப்போது மூன்று பூட்டு விதியில் நிற்கிறது. 12 பேருக்கு மேல் வீரர்களை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்ப வேண்டுமானால் ஐ.நா. ஒப்புதல், அமைச்சரவை, நாடாளுமன்றக் கீழவை ஆகிய மூன்றும் வேண்டும். 2001-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தத்தை மக்கள் நிராகரித்தார்கள். ராணுவக் கூட்டணிக்குள் இழுத்துவிடுவார்களோ என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். இந்த விதியை உறுதிமொழியாகக் கொடுத்துத்தான் 2002-இல் மறு வாக்கெடுப்பில் ஜெயித்தார்கள். ஆகவே இது மக்களுக்குக் கொடுத்த வாக்கு.

மறுபக்கமும் இருக்கிறது. ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஒரே ஒரு நாடு வீட்டோ போட்டால் அயர்லாந்து வீரன் வீட்டில் இருக்க வேண்டியதுதான். 1999-இல் மாசிடோனியாவில் இருந்த ஐ.நா. பணியை நீட்டிக்க விடாமல் சீனா தடுத்தது. 2003-இல் அதே நாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அமைதிப் பணி அனுப்பியபோது ஐ.நா. ஆணை இல்லாததால் அயர்லாந்து போக முடியவில்லை. லெபனான் பணியையும் 2026 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொள்ள 2025 ஆகஸ்டில் தீர்மானம் ஆகிவிட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு உறவு அது.

அரசு 2025-இல் கொண்டுவந்த மசோதா வரைவு, ஐ.நா. பூட்டை எடுத்துவிட்டு எண்ணிக்கையை 50 ஆக உயர்த்தப் பார்க்கிறது. முதல் பாதியின் காரணம் எனக்குப் புரிகிறது. இரண்டாம் பாதி சரியில்லை. வெளிப்பூட்டைக் கழற்றுகிறவர்கள் உள்பூட்டை இன்னும் இறுக்கமாகப் போட வேண்டும். 12 என்பது 12-ஆகவே இருக்கட்டும். வேண்டுமானால் கீழவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு என்று வைக்கலாம். ரஷ்யாவின் வீட்டோவை நீக்குகிறோம் என்று சொல்லி, கேள்வி கேட்கும் எம்.பி.யின் வீட்டோவையும் சேர்த்து நீக்கக் கூடாது.

கடலையும் கேபிளையும் பொறுத்தவரை ஒத்துழைப்புக்கு இவ்வளவு தயக்கம் தேவையில்லை. சொந்த வாசலைப் பக்கத்து வீட்டோடு சேர்ந்து காவல் காப்பது யாருடைய போரிலும் சேர்வதாகாது. பிரான்சோடும் பிரிட்டனோடும் ராடார், சோனார் தகவலைப் பகிர்ந்துகொள்ள எழுத்துப்பூர்வமான, நாடாளுமன்றம் பார்த்த ஒப்பந்தம் வேண்டும். இப்போது இருப்பதாகச் சொல்லப்படும் ரகசிய ஏற்பாட்டைவிட அது நடுநிலைக்கு மரியாதை.

கடைசியாக, "இந்தக் காசில் ஆஸ்பத்திரி கட்டலாமே, வீடு கட்டலாமே" என்ற கேள்வி. வாடகை கொடுத்துக் களைத்தவன் என்ற முறையில் அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் சுகாதாரத்துக்கு ஆண்டுக்கு 2,500 கோடி யூரோவுக்கு மேல் போகிறது. ராணுவத்துக்குப் போவது அதில் பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. ஆப்பிள் வரி வழக்கில் 2024 செப்டம்பரில் தீர்ப்பாகி அரசுக்குச் சுமார் 1,400 கோடி வந்தது. வீடு கட்டாததற்குக் காரணம் கடற்படை இல்லை. 2021 மே மாதம் ஒரு சைபர் கும்பல் நாட்டின் சுகாதாரக் கணினி அமைப்பையே முடக்கியபோது ஸ்கேன்களும் புற்றுநோய் சிகிச்சைகளும் தள்ளிப்போயின. மருத்துவர்கள் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரியைக் காப்பதும் பாதுகாப்புச் செலவுதான் என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

எனவே என் தேர்வு இரண்டாவது வழி, வரிசையை மாற்றி. முதலில் மாலுமிக்குச் சம்பளமும் தளத்துக்குப் பக்கத்திலேயே குடும்ப வீடும். அப்புறம் ராடாரும் சோனாரும். விமானம் பற்றிப் பேச்சு 2030-க்குப் பிறகு. அடுத்த பட்ஜெட் வெளியாகும்போது நான் முதலில் தேடப்போவது கடலில் இருக்கும் நாளுக்கு மாலுமிக்குத் தரும் படி எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற ஒரு வரியைத்தான்.